கேட்டுப்போட்டு வெட்டு

1

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை செய்யும் வாகனப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு கிழவர் பழைய ஜீப் ஒன்றைக் கொண்டுவந்தார். நோர்வேயின் மேற்குக் கரையில், மழை பெய்யாத நாட்களை விரல்விட்டு எண்ணக்கூடிய சின்னப் பட்டினம் இது. இங்கே வாகனம் வைத்திருப்பவர்கள் குறித்த தவணைக்குள் அதை எங்களிடம் கொண்டுவந்து காட்டவேண்டும். நாங்கள் அதைத் தூக்கி நிறுத்தி, அடியில் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்து, பிழைகளை ஒரு பட்டியலில் எழுதுவோம். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இல்லாத எதுவும், அனுமதிக் கடிதம் இல்லாவிட்டால், பிழை. பதினெட்டு வருடமாகப் பிழை எழுதித்தான் சாப்பிடுகிறேன்.

கிழவரின் ஜீப்பில், பக்கத்து இருக்கைக் கதவுக்குக் கீழே ஒரு இரும்புப் படி இருந்தது. வீட்டிலேயே பற்றவைத்து ஒட்டியது என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஒட்டு நேராக இல்லை. பூச்சு வேறு நிறம். வேறு நாளென்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பேன். அன்று உடனே எழுத வரவில்லை.

ஊரில் இருக்கும் என் அண்ணை என்னோடு கதைத்து ஏழு மாதமாகிறது. அவருக்கு நான், எனக்கு அவர் என்று இருவர்தான் நாங்கள் பிறந்த வீட்டில் மிச்சம். அவர் கதைக்காவிட்டால் எனக்கு ஊரில் போய் இறங்க ஒரு வாசல் இல்லை. அதற்குக் காரணமும் இப்படி ஒரு படிதான். இதை வாசிக்கும் நீங்கள், வெளிநாட்டுக்காரருக்கு வேறு வேலையில்லை என்று சொல்லக்கூடும். சொல்லுங்கள், அது முழுப் பொய்யுமல்ல.

2

ஜீப் எங்கள் அப்பாவுடையது. அரச திணைக்களம் ஒன்று ஏலத்தில் விட்டதை அவர் எடுத்து வந்தபோது எனக்குப் பத்து வயது. கடும்பச்சை நிறம். மாரியில் அச்சுவேலித் தோட்டத்து ஒழுங்கைகளில் மற்ற வாகனங்கள் செம்மண் சேற்றில் புதைந்து நிற்க, அப்பா ஒரு குட்டிக் கம்பியை முன்னுக்குத் தள்ளுவார். நாலு சில்லும் சேர்ந்து இழுக்க, ஜீப் உறுமிக்கொண்டு வெளியே வரும். அப்பாவும் உறுமுவார்.

அண்ணையின் கலியாணத்துக்கு அந்த ஜீப்பைத்தான் சோடித்தோம். தாலி கட்டி முடிந்து மாப்பிள்ளையும் பொம்பிளையும் வீட்டுக்குப் புறப்படும்போது, ஜீப் உயரம், பொம்பிளை எப்படி ஏறப்போகிறா என்று பெரியவர்கள் முக்காலி தேடி ஓடினார்கள். அண்ணி கூறைச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே எட்டில் ஏறி முன்னிருக்கையில் இருந்துவிட்டார். "பொம்பிளை பாயுது" என்று ஒரு மாமி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அண்ணி சிரித்தார். அந்த வருடமே நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டேன். அந்தப் பச்சை ஜீப்பும் அந்த ஒரு எட்டும் என்னோடு வந்துவிட்டன.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கடிதத்தில்தான் தெரியும். பெற்றோல் இல்லாத காலத்தில் அண்ணை ஜீப்பை மண்ணெண்ணெயில் ஓட்டினார். பிறகு வாகனம் வைத்திருப்பதே ஆபத்தான காலம் வந்தது. சண்டையில் எந்தப் பக்கத்துக்காரர் வந்தாலும் முதலில் முற்றத்தைத்தான் பார்த்தார்கள். அண்ணை சில்லுகளைக் கழற்றித் தோட்டத்தில் புதைத்துவிட்டு, ஜீப்பைக் கல்லில் ஏற்றி, உள்ளே வைக்கோல் பரப்பிக் கோழி வளர்த்தார். முட்டையிடுகிற ஜீப்பை ஒருவரும் கேட்கவில்லை. சண்டை எங்கள் பக்கம் ஓய்ந்து ஊருக்குத் திரும்பிய கிழமை, வெங்காயத் தோட்டத் தறையைப் பார்க்கப் போன அண்ணி மிதிவெடியில் கால் வைத்தார். இடக்கால், முழங்காலுக்குக் கீழே.

அந்தக் கடிதம் வந்தபோது நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வாசித்துவிட்டு மிச்சக் கோப்பைகளையும் கழுவினேன். அண்ணிக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள் என்று பிறகு தெரிந்தது. அன்று தொடக்கம் இன்றுவரை, கால் எப்படி இருக்கிறது என்று நான் அண்ணியிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அவருக்கு நோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதிலைக் கேட்கிற துணிவு எனக்கு இல்லை என்பதுதான் உண்மை.

ஊருக்குப் போகிற வெளிநாட்டுக்காரன் என்ன செய்வான் என்று உங்களுக்குத் தெரியும். விமான நிலையத்திலேயே குளிரூட்டிய வான் வண்டி ஒன்றைப் பிடிப்பான். கோயிலுக்கும் வான், கடைக்கும் வான், கடற்கரைக்கும் வான். நானும் ஐந்துதரம் போய் ஐந்துதரமும் அப்படித்தான் திரிந்தேன். அண்ணையும் அண்ணியும் என்னோடு வானில் வருவார்கள். அண்ணை திரும்பவும் சில்லுப் பூட்டி ஓட வைத்திருந்த ஜீப் கொட்டிலில் நிற்கும். நான் விமானம் ஏறிய பிறகுதான் அது வெளியே வரும். அந்த ஜீப்பில் அவர்கள் எப்படி ஏறி இறங்குகிறார்கள் என்று நான் ஒருதரமும் கண்டதில்லை.

3

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாகனப் பதிவுப் புத்தகத்தில் இன்னமும் அப்பாவின் பெயர்தான். அவர் செத்த பிறகு அண்ணையின் பெயருக்கு மாற்ற, எனக்கு ஆட்சேபம் இல்லை என்று நான் ஒரு கடிதம் கையெழுத்து வைத்து, தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பவேண்டும். அண்ணை கேட்டு ஒன்பது வருடம். ஒருமுறை ஒஸ்லோவுக்கு ரயில் ஏறிப் போனேன். பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஒருமாதிரி, கடவுச்சீட்டில் வேறுமாதிரி. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக்கடதாசி கொண்டுவரச் சொன்னார்கள். நான் அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு திரும்பிவந்துவிட்டேன். புத்தகம் அப்பாவின் பெயரில் இருக்கும்வரை ஜீப்பில் பாதி என்னுடையது. ஒரு சில்லாவது எனக்கு ஊரில் இருக்கட்டும் என்ற ஆசை.

சென்ற ஆவணியில் அண்ணைக்கு அறுபது வயது. பிள்ளையார் கோயிலில் அறுபதாங் கலியாணம். அண்ணிக்கு இரண்டாந்தரம் தாலி கட்டுவார். நான் ஐந்து கிழமை லீவு எடுத்துக்கொண்டு முன்னதாகவே போனேன். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் வரவில்லை. "அங்கே எனக்கு என்ன செய்ய இருக்கிறது?" என்று நோர்வீஜிய மொழியில் கேட்டாள். நான் ஒரு பயணச்சீட்டு மட்டும் எடுத்தேன்.

நான் போய் இறங்கிய நேரம், கிளிநொச்சியில் இருக்கும் தங்கள் மகளின் பிள்ளைப்பேறுக்கு அண்ணையும் அண்ணியும் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று கிழமை கழித்து, விழாவுக்கு முதல்நாள்தான் திரும்புவார்கள். எனக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்தமாதிரி.

"அண்ணை, நீங்கள் வாறதுக்கிடையிலை ஜீப்பைப் பழையபடி ஆக்கித் தாறன். சாமான் எல்லாம் கொண்டந்திருக்கிறன்."

"பழையபடி எண்டால்?"

"அப்பா வைச்சிருந்த மாதிரி. உங்கடை கலியாணத்துக்கு நிண்ட மாதிரி."

அண்ணை கொட்டில் பக்கம் பார்த்தார். "அது இப்பவும் ஓடுதுதானே" என்றார். பிறகு, நான் கொண்டுவந்த பெட்டியையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, "சரி, உனக்கு ஆசையெண்டால் செய். ஆனால் எதையெண்டாலும் கேட்டுப்போட்டு வெட்டு" என்றார்.

"ஓம்" என்றேன். அண்ணி வாசலில் நின்று சிரித்தார். அவர்கள் பேருந்தில் போனார்கள்.

4

அந்தப் பெட்டியின் கதை தனிக்கதை. கண்ணாடி, கதவுக் கைபிடி, விளக்கு வளையம், இருக்கைச் சட்டம் என்று இரண்டு வருடமாகத் தேடித் தேடி வாங்கிய அசல் சாமான்கள். கொழும்புச் சுங்கத்தில் இரண்டு நாள் யன்னலுக்கு யன்னல் அலைந்தேன். படிவத்தில் எதற்கு என்ற கேள்விக்கு நேரே, வாகனத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர என்று எழுதினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதை இரண்டுதரம் வாசித்துவிட்டு, "எல்லாரும் புதுசாக்கத்தான் கொண்டுவாறவை" என்றார்.

அளவெட்டியிலிருந்து குணரத்தினம் என்ற மெக்கானிக்கைப் பிடித்தேன். பழைய ஜீப்புகளில் கைதேர்ந்தவர், என்னைவிட மூப்பு. எங்கள் குடும்பத்தைப்பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. முற்றத்து மாமரத்தின் கீழ் ஜீப்பைத் தள்ளிவந்து நிறுத்திவிட்டு, நான் என் தொழிலைத் தொடங்கினேன். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு சுற்றிவந்து பிழை எழுதினேன்.

கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது. முதலாவது, எஞ்சின் அசல் அல்ல, பழைய வான் ஒன்றின் டீசல் எஞ்சின். ஏழாவது, இடப்பக்கக் கதவுக்குக் கீழே அனுமதியற்ற படி, நிலத்துக்குக் கிட்ட, கரடுமுரடான ஒட்டு. எட்டாவது, இடப்பக்கத் தூணில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்று கைபிடியாக ஒட்டப்பட்டுள்ளது. ஒன்பதாவது, இடப்பக்க இருக்கை அசல் அல்ல, சலூன் நாற்காலியின் அடிப்பகுதியில் பொருத்தப்பட்டுள்ளது, ஆணி தேய்ந்து கதவுப்பக்கம் திரும்புகிறது.

திரும்புகிறது என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஏன் திரும்புகிறது என்று யோசிக்கவில்லை. கிடைத்ததைப் போட்டு ஒட்டியிருக்கிறார், பாவம், இந்த ஊரில் வேறென்ன கிடைத்திருக்கும் என்று அண்ணையில் இரக்கப்பட்டேன். அந்த இரக்கத்தை நினைத்தால் இப்போது என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போலிருக்கிறது.

அச்சுவேலிக் கடையில் ஆணி வாங்கப் போய் மில்லிமீற்றரில் கேட்டேன். கடைக்காரர், "எத்தினை நூல்?" என்றார். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். மறந்துபோய் விழித்தேன். "அண்ணை வெளிநாடோ?" என்று கேட்டுவிட்டு அவரே அளந்து தந்தார்.

எஞ்சினை மாற்றக் குணரத்தினம் சம்மதிக்கவில்லை. "எஞ்சின் நல்லாய் ஓடுது தம்பி. ஓடுறதைக் கழற்ற நான் வரேல்லை" என்றார். அதில் நான் விட்டுக்கொடுத்தேன். படிக்கு வந்தபோது அவர் குந்தியிருந்து அதைக் கையால் தடவிப் பார்த்தார். அதில் ஏறி நின்றார். குழாயைப் பிடித்தார். இருக்கையை ஒருதரம் திருப்பினார். பிறகு இறங்கி வந்தார்.

"தம்பி, உது கண்டபாட்டுக்குச் செய்த வேலையில்லை. ஆரோ அளந்து செய்திருக்கினம். உம்மடை அண்ணரைக் கேட்டனீரோ?"

"அது ஒறிஜினல் இல்லை."

"ஒறிஜினல் இல்லைத்தான். கேட்டனீரோ எண்டுதான் கேக்கிறன்."

தொலைபேசி என் சட்டைப்பையில் இருந்தது. ஒரு நிமிடம் போதும். ஆனால் கேட்டால் எப்படிப் பரிசாகும்? ஜீப்பைக் கண்டதும் அவர்கள் அதிர்ந்துபோய் நிற்கவேண்டும், அண்ணி வாயைப் பொத்தவேண்டும், அண்ணை என் தோளில் கைபோடவேண்டும் என்று நோர்வேயிலிருந்தே நான் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன்.

"வெட்டுங்கோ" என்றேன்.

படியையும் குழாயையும் சலூன் நாற்காலியின் அடியையும், ஒழுங்கையால் கூவிக்கொண்டு வந்த பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்தேன். பழைய ஒட்டுகளை அராவி, நிரப்பி, பச்சை அடித்தோம். அப்பாவின் பச்சைதான், இம்மியும் பிசகவில்லை.

5

விழாவுக்கு முதல்நாள் அவர்கள் வர இருட்டிவிட்டது. நான் ஜீப்பைப் படங்கால் மூடி வைத்திருந்தேன். நாளைக்குத்தான் காட்டுவேன் என்றேன். "என்னடா செய்து வைச்சிருக்கிறாய்?" என்று அண்ணை கேட்டார். குரலில் சந்தோசம் இருந்தது. அதுதான் நான் கேட்ட கடைசிச் சந்தோசம்.

காலையில் இனத்தவர்கள், சொந்தக்காரர்கள் முற்றம் நிறைய நின்றார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்காக நான் பிடித்த வானும் படலையில் நின்றது. படங்கை இழுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். முதல் கலியாணத்துக்குக் கட்டியிருந்தமாதிரியே மாலையும் வாழைக்குருத்தும் கட்டியிருந்தேன். அண்ணை பட்டுவேட்டியோடு கிட்ட வந்து, ஜீப்பைச் சுற்றிவந்து, இடப்பக்கம் வந்ததும் நின்றார்.

அண்ணி புதுக் கூறைச்சேலையோடு வந்தார். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவர் வழக்கப்படி வலக்காலைத் தூக்கினார். கீழே படி இல்லை. கை தானாகத் தூணுக்குப் போனது. குழாயும் இல்லை. பச்சைப் பூச்சில் அவருடைய விரல்கள் வழுக்கின. காலைத் திரும்பக் கீழே வைத்தார்.

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. வலக்காலைப் படியில் வைத்து, குழாயைப் பிடித்து ஏறி, வெளிப்பக்கம் திரும்பி நிற்கும் இருக்கையில் இருந்து, இரண்டு கையாலும் இடக்காலைத் தூக்கிக்கொண்டு உள்ளே திரும்புவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு இரும்பு. ஒவ்வொன்றுக்கும் என் கொப்பியில் ஒரு இலக்கம்.

யாரோ ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டு ஓடிவந்தார்கள். கனடாவிலிருந்து வந்த ஒருத்தர், "நாங்கள் தூக்கிவிடுறம்" என்றார். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் ஒரே எட்டில் பாய்ந்த மனிசி, அறுபது பேருக்கு முன்னால் தூக்குப்பட்டு ஏறப்போவதில்லை.

"தம்பி, நல்ல வடிவாய்க் கிடக்கு" என்றார் என்னைப் பார்த்து. "அப்பிடியே மாமா வைச்சிருந்த மாதிரி. எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. நான் வானிலை வாறன்."

அண்ணை குழாய் இருந்த இடத்தை ஒருதரம் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு வானுக்குப் போனார். பழத்தட்டுகளையும் பூமாலைகளையும் முன்னிருக்கையில் அடுக்கிக்கொண்டு, சோடித்த ஜீப்பை நான் தனியே வானுக்குப் பின்னால் ஓட்டிப்போனேன். வழிநெடுகச் சனம் எட்டிப் பார்த்தது.

சாப்பாடு முடிந்து இனத்தவர் போன பிறகு, கோயில் கேணியடியில் அண்ணை என்னைக் கூப்பிட்டார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும்.

"கேட்டுப்போட்டு வெட்டச் சொன்னனான்" என்றார்.

"அண்ணை, நான் உடனை திருப்பி..."

"அந்த இரும்பு எங்கை?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழும்பிப் போனார். நான் நின்ற மிச்ச நாட்களில் சாப்பாட்டுக்கு வந்தார், பக்கத்தில் இருந்தார், கறியை என் பக்கம் தள்ளிவிட்டார். ஆனால் கதைக்கவில்லை. குணரத்தினத்தைக் கூப்பிட்டுப் படி வைப்பிக்கப் பார்த்தேன். அண்ணி, "இப்ப வேண்டாம் தம்பி, அவர் ஆறட்டும்" என்றார்.

6

நோர்வேக்குத் திரும்பி, விழா வீடியோவை மகளுக்குக் காட்டினேன். பச்சை ஜீப்பைக் கண்டதும் நான் கொஞ்சம் நிறுத்தினேன், பாராட்டுவாள் என்று. அவளுடைய தமிழ் நாலு வயதுப் பிள்ளையின் தமிழ். அந்தத் தமிழில், "அப்பா, பெரியம்மா இதிலை எப்பிடி ஏறுவா?" என்று கேட்டாள். ஊரையே அறியாதவள், ஒரே ஒருதரம் ஐந்து வயதில் பெரியம்மாவைக் கண்டவள். என் பிள்ளைக்கு ஊர் தெரியாது என்று நான் எத்தனை பேருக்குப் புலம்பியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பேன். அண்ணிதான் எடுப்பார். "அவர் தோட்டத்தாலை வரேல்லை." "அவர் இப்பதான் குளிக்கப் போட்டார்." பின்னால் அண்ணை இருமுவது கேட்கும். பொய் சொல்லத் தெரியாத அண்ணிக்கு நான் வாரத்துக்கு ஒரு பொய் சொல்லக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

தை மாதம்தான் அண்ணி வாய்தவறிச் சொன்னார், தான் இப்போது தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓட்டோவில் போவதாக. மாரியில் ஒழுங்கைக்குள் ஓட்டோ வராது என்பதால், முழு வெங்காய நடுகையையும் வீட்டிலிருந்தே கேட்டறிந்ததாக. நாற்றுக்கட்டு எண்ணுவதிலிருந்து கூலியாட்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பதுவரை தானே நின்று செய்கிற மனிசி.

"ஜீப் எங்கை அண்ணி?"

"கொட்டிலுக்கை நிக்குது. அவர் சில்லைக் கழற்றிப்போட்டுக் கல்லிலை ஏத்தி வைச்சிருக்கிறார்."

அந்தக் காலத்தில் அப்படி வைத்தது ஆயுதத்தோடு வந்து கேட்கிறவர்களுக்காக. இப்போது யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

7

இனி அந்தக் கிழவர். அவருடைய ஜீப்பைச் சுற்றிவந்து, படிக்கு முன்னால் குந்தியிருந்தேன். பதினெட்டு வருடத்தில் முதல்தரமாக ஒரு வாகனக்காரரிடம் கேட்டேன்: "இது யாருக்கு?"

அவர் கண்ணாடிக்கு அப்பால், காத்திருப்போர் உட்காரும் வாங்கைக் காட்டினார். கைத்தடியோடு ஒரு கிழவி. மடியில் கைப்பை.

"அவளுக்கு இடுப்பு ஏலாது. நானே செய்தது" என்றார். எனக்கு மொழி விளங்காது என்று நினைத்தோ என்னவோ, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "மூன்றுதரம் வெட்டி வெட்டி ஒட்டினேன். கொஞ்சம் உயர்ந்தாலும் அவளுக்குச் சரிவராது."

நான் அளவு நாடாவை எடுத்து அளந்தேன். நிலத்திலிருந்து முப்பது சென்ரிமீற்றர். பிறகு அதைப் பிழை என்று எழுதினேன். எழுதாமல் விட்டிருந்தால் இந்தக் குறிப்பு நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் படம் எடுத்துக் கணினியில் ஏற்றவேண்டும், மேலே இன்னொருத்தன் பார்ப்பான், எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது. கிழவர் தாளை வாங்கி மடித்தார். மனைவியைப் படியில் ஏற்றி இருத்திவிட்டு, மழைக்குள் ஓட்டிப்போனார்.

மத்தியான இடைவேளையில், பெயர் வேறுபாட்டுக்கான சத்தியக்கடதாசிக்கு நாள் கேட்டு எழுதினேன். ஒன்பது வருடம் இழுத்த வேலை, பத்து நிமிடம்தான் பிடித்தது. பிறகு அண்ணையின் இலக்கத்துக்கு நேரடியாக ஒரு செய்தி அனுப்பினேன்.

"அண்ணை, புத்தகத்தை உங்கடை பேருக்கு மாத்திற கடிதத்தை அனுப்புறன். படியையும் இஞ்சை நல்ல இரும்பிலை செய்விச்சு அனுப்புறன். முப்பது சென்ரிமீற்றர் உயரம் வைச்சால் அண்ணிக்குச் சரிவருமோ? கேட்டுப்போட்டுத்தான் வெட்டுவன்."

அவர் வாசித்துவிட்டார் என்று காட்டும் இரண்டு நீலக்கோடுகள் உடனே விழுந்தன. வேலை முடிந்து, வாகனத் தரிப்பிடத்தில் கண்ணாடியில் மழை வழிய இருந்தபோதுதான் பதில் வந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு அண்ணையின் முதல் வார்த்தை.

"பதினொரு அங்குலம், மூண்டு நூல். எனக்குத் தெரியும். நீ ஒண்டும் அனுப்பாதை."